சுவரில் கை பட்ட இடம்

எங்கள் வீட்டைக் கட்டடக்கலைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு நேரில் வருகிறவர்களுக்கு வாயடைத்துப் போகும். அப்பா வரைந்து கட்டியது, தூண்கள்மேல் நிற்கும் வெள்ளைப் பெட்டி. கீழே காரும் காற்றும் மட்டும். வீடு நிலத்தை அடைத்துக்கொள்ளக் கூடாது, விடுவிக்க வேண்டும் என்பது அப்பா மாதிரியான கட்டடக் கலைஞர்களின் கோட்பாடு. கல்லூரியில் நவீன கட்டடக்கலை வரலாறு நடத்துகிற நானும் வருடா வருடம் அதைத்தான் ஒப்பிக்கிறேன். அப்படி விடுவித்த நிலத்திலிருந்து வீட்டுக்குள் போக ஒரே வழி, அந்தப் படிக்கட்டு.

சாதாரணப் படிக்கட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு படியும் வெள்ளைச் சுவரிலிருந்து தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் பலகை. மறுபக்கம் வெறும் காற்று. கைப்பிடி கிடையாது. வைத்தால் அதன் கோடு கெட்டுவிடுமாம்.

அம்மா அந்தக் கோட்டை முப்பது வருஷமாகக் கெடுத்துக்கொண்டே இருந்தாள். ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளங்கையைச் சுவரில் தேய்த்துக்கொண்டே போவாள். சமையல் எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து படியோடு படியாக ஒரு பழுப்புத் தடம் விழும். யாராவது படம் எடுக்க வருகிறார்கள் என்றால் அப்பா அதன்மேல் வெள்ளை அடித்துவிடுவார். மறுநாளே அம்மா தன் வேலையை ஆரம்பித்துவிடுவாள். எதற்கெடுத்தாலும் சண்டை போடுகிற இருவரும் இதற்கு மட்டும் போட்டதில்லை.

இந்தத் தடவை அந்தக் கட்டடக்கலைப் புத்தகத்தின் புதுப் பதிப்புக்குப் படம் எடுக்க வருவதாக இருந்தது. அப்பா காலையிலேயே சுவரை அடித்து முடித்துவிட்டு மேலே இருந்த அம்மாவைப் பார்த்துக் கத்தினார்.

"ஈரமா இருக்கு, சுவத்துல கை வச்சுத் தொலைக்காத!"

சொன்ன பேச்சைக் கேட்கிற பழக்கம் அம்மாவுக்கு அவ்வளவாகக் கிடையாது. அன்றைக்கென்று பார்த்துக் கேட்டாள். பாதிப் படியில் தடுமாறி, பிடிக்க ஒன்றும் இல்லாமல் காற்றுப் பக்கம் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கோலை ஊன்றி நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். ஆனால் மருத்துவமனையில் அவளை நடக்கப் பழக்கிய பிசியோதெரபி பெண் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்.

"படிக்கு ஒரு கைப்பிடியாவது போடுங்க மேடம். அதுவரைக்கும் அம்மா இங்கேயே இருக்கட்டும். இன்னொரு தடவ விழுந்தா எழுந்திரிக்க மாட்டாங்க."

மறுநாளே வெல்டரைக் கூட்டிவந்தேன். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள மாட்டிடலாம்மா" என்றார். அப்பா அவர் கொண்டுவந்த குழாயை வாங்கி, செத்த எலியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"இது வேணாம். நான் வரைஞ்சு தரேன்."

"புடிச்சுக்கத்தானே சார்?" என்றார் வெல்டர். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அம்மா அங்க படுத்துக் கிடக்கறாப்பா."

"தெரியும்மா. அவளுக்குத்தான் வரையறேன். கண்ட குழாய அவ கையில குடுக்கச் சொல்றியா?"

வாரக்கணக்கில் வரைந்தார். மரத்தில் ஒன்று, எஃகில் ஒன்று, பிறகு சுவரைத் தொடாமலே மிதக்கிற மாதிரி ஒன்று. நான் கத்தினேன், அழுதேன், குழாயை நானே வாங்கிவந்து படியடியில் போட்டேன். அப்பா மாட்ட விடவில்லை, அது அங்கேயே கிடந்தது. தன் கையால் நடந்ததைத் தன் கையாலேயே சரிசெய்ய நினைத்தார் என்று இப்போது புரிகிறது. புரிந்து என்ன செய்ய? கோபம் குறையவில்லை.

மருத்துவமனையில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்துக்கொண்டிருப்பேன். வெள்ளைச் சுவர், அகல ஜன்னல், தூசி தங்காத மூலைகள். காசநோய் மருத்துவமனைகளைப் பார்த்துத்தான் எங்கள் துறை வெயிலையும் காற்றையும் வெள்ளையையும் வீட்டுக்குள் கொண்டுவந்தது என்று பாடம் நடத்துவேன். எல்லாவற்றையும் கற்றுக்கொண்ட அப்பா, சுவர் நெடுக ஓடிய கைப்பிடியை மட்டும் விட்டுவிட்டார்.

அம்மா அந்தக் கைப்பிடியைத் தடவிக்கொண்டே கேட்டாள். "இத யாருடி வரைஞ்சது?"

"யாரும் வரையலம்மா. கடையில வாங்கியிருப்பாங்க."

"அதான் கைக்கு அடக்கமா இருக்கு."

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் முகம் மாறியது. "என்னைக் கூட்டிட்டுப் போயிடுடி. என் கட்டில்ல படுக்கணும். இங்க ராத்திரி பூரா யாராவது இருமிக்கிட்டே இருக்காங்க."

அந்த இருமல் அவளையும் பிடித்துக்கொண்டது. நிமோனியா என்றார்கள். அப்பா கடைசி வரைபடத்தை எனக்குக் காட்டிய வாரத்தில் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் ஆட்கள் படியை அண்ணாந்து பார்த்தார்கள். "இதுல ஸ்ட்ரெச்சர் ஏறாது மேடம்" என்றார்கள். காரை வெளியே எடுத்துவிட்டு, தூண்களுக்கு நடுவே அம்மாவைக் கிடத்தினோம். இத்தனை வருஷம் விடுவித்து வைத்திருந்த நிலம் கடைசியில் அதற்குத்தான் பயன்பட்டது. எனக்கு அப்பாவை அடிக்க வேண்டும் போல இருந்தது. அவர் கடைசி வரை அம்மாவின் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, ஒரு மத்தியானம் படிப்பக்கம் சுரண்டுகிற சத்தம் கேட்டது. அப்பா மேல்படியில் மண்டியிட்டு, பெயின்ட் சுரண்டும் தகட்டால் சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தலைமயிரெல்லாம் வெள்ளைப் பொடி.

"என்னப்பா பண்றீங்க?"

"கைப்பிடிக்கு உயரம் தெரியல. வரைஞ்ச எல்லாத்துலயும் அளவுப் புத்தகத்துல எல்லாருக்கும் பொதுவா இருக்கற உயரத்தத்தான் போட்டிருக்கேன். வருஷா வருஷம் இந்தத் தடத்து மேல அடிச்சேன், அவ கை எவ்வளவு உயரத்துல போச்சுன்னு ஒரு தடவகூடப் பாக்கல."

வெள்ளைக்குக் கீழே பழுப்பு இருந்தது. அதைச் சுரண்டினால் மறுபடி வெள்ளை, மறுபடி பழுப்பு. நான் நினைத்ததைவிடத் தாழ்வாகத்தான் இருந்தது. அம்மா அவ்வளவு குள்ளமா என்று இருந்தது எனக்கு.

"இப்ப யாருக்குப்பா கைப்பிடி?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.

அப்பா தகட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்த உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். பிறகு ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு அடுத்த படிக்கு இறங்கினார்.