சாமியாத்தாள் நிற்கும் இடம்

ரூபினா வேலை பார்த்த கோவை ஆர்.எஸ்.புரம் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் எல்லா ஆண்களும் ஒரு முறையாவது கர்ப்பிணியாக இருந்திருக்கிறார்கள்.

அது அவள் கொண்டுவந்த வழக்கம். எந்தக் கட்டட வரைபடமும் அனுமதிக்குப் போகும் முன் அவள் மேசைக்கு வர வேண்டும். வரைந்தவர் அதன் மேல் ஆள்காட்டி விரலை வைக்க வேண்டும். "நீங்க இப்ப எட்டு மாசம். மேல்மாடியில இருக்கறீங்க. சமையக்கட்டுல தீப் புடிச்சிருச்சு. நடங்க, பாக்கலாம்" என்பாள். விரல் படியிறங்கும், திரும்பும், உள்பக்கமாகத் திறக்கும் ஏதோ ஒரு கதவில் முட்டி நிற்கும். விரலுக்குச் சொந்தக்காரர் வாய்க்குள் முனகியபடி பிளேடைத் தேடுவார். டிரேசிங் தாளில் மைக்கோட்டைச் சுரண்டியெடுக்க வேறு வழியில்லை. முதலாளி வரதராஜுலுவே ஒருமுறை மூட்டுவலிக்காரராக நடந்து, தான் வரைந்த ஆஸ்பத்திரிப் படியில் பாதியில் நின்றுபோனார்.

இப்படிப் பதினோரு வருடம். கட்டட விதிகள் அவளுக்கு மனப்பாடம். ஆனால் ஒரு கட்டடத்தைக் காட்டி 'இது என்னுது' என்று சொல்ல ஒன்றுமில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பும் நர்ஸம்மா மாதிரி என்று பஸ்ஸில் போகும்போது நினைத்துக்கொள்வாள்.

தொண்ணூற்றாறு ஆனியில் கோபிசெட்டிபாளையத்துப் பொங்கியண்ணன் கல்யாண மண்டபம் கட்ட வேண்டுமென்று வந்தார். "இது நீங்க பண்ணுங்கம்மா" என்றார் வரதராஜுலு ரூபினாவிடம். ஆவணியில் பூமி பூஜைக்கு நாள் குறித்தாயிற்று.

சாப்பாட்டுக் கூடத்தின் நீளச் சுவர் முழுவதையும் அவள் காற்றும் வெளிச்சமும் வர, துளைதுளையாகச் செங்கல் அடுக்கிய ஜாலியாக வைத்தாள். அதற்கு அந்தப்பக்கம் பொங்கியண்ணனின் வாழைத்தோப்பு. பென்சில் படத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "இந்தப்பக்கம் இலையில சோறு, அந்தப்பக்கம் இலை மரத்துலயே நிக்குது. நல்லாருக்குதுங்க அம்மணி." அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் ரூபினா உக்கடத்தில் இறங்க மறந்து வெகுதூரம் போய்விட்டாள்.

மையிட்டு முடித்தாயிற்று. நாளைக் காலை பொங்கியண்ணன் வருவார். அவளுடைய வரைபடத்தைச் சரிபார்க்கத்தான் ஆளில்லை. "உங்களுத நாங்க பாக்கறதா" என்று ஆளாளுக்கு நழுவினார்கள். பொங்கியண்ணனைப் போலக் கோபிக்காரரென்று தம்பிதுரையைப் பிடித்து உட்கார வைத்தாள். அவரும் அவளைப் போல ஆர்க்கிடெக்ட்தான். நான்கு வருடம் இளையவர்.

வெகுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க விரல் வைங்க" என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எட்டு மாசமா?"

"இல்லைங்க. நீங்க எங்க அத்தை சாமியாத்தாள். தாலி கட்டி முடிஞ்சுது. சாப்பிடப் போங்க."

விரல் மணமேடையைத் தாண்டி சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்கு வந்தது.

"எடமில்லைங்க. முந்நூறு நாற்காலியும் நெறஞ்சுபோச்சு."

"சரி, வராண்டாவுல காத்திருக்கறேன்."

தம்பிதுரை அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "எங்க அத்தை வராண்டாவுல நிக்குமுங்களா?"

ரூபினாவின் விரல் தயங்கியது. பிறகு அதுவாகவே உள்ளே நுழைந்து, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருவரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றது. அவர் எழுந்ததும் உட்கார்ந்துகொள்ள வேண்டுமே. போன மாதம் கோட்டைமேட்டுக் கல்யாணத்தில், முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா இரண்டாம் முறை பிரியாணி கேட்டபோது, அவர் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றிருந்தது அவளேதான்.

"ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலயும் ஒருத்தர். அறுநூறு பேர்" என்றாள்.

"பரிமாறுறவங்களச் சேக்காம."

அவள் வைத்திருந்தது முந்நூறு பேர் தப்பி ஓடுவதற்கான கதவுகள். புத்தகப்படி சரி. அனுமதியும் கிடைத்துவிடும். "விதிப்படி இருக்குதில்ல" என்ற வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது. அங்கே விரல் வைத்தவர்கள் எல்லோரும் சொன்ன வாக்கியம். "தீ விதியப் படிச்சுட்டா வருது?" என்று ஒவ்வொரு முறையும் சிரித்தபடி கேட்டவள் அவள்.

காது மடல் சுட்டது. இவர்கள் சோம்பலால் முனகுகிறார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

ஒரு பக்கம் சமையற்கூடம், ஒரு பக்கம் கை கழுவுமிடம், ஒரு பக்கம் மண்டபம். புதிதாகக் கதவு வைக்க மிச்சமிருந்தது ஜாலிச் சுவர் மட்டும்.

"வேற எங்கயாச்சும் வைக்க முடியாதுங்களா?" தம்பிதுரையின் குரல் இறங்கியிருந்தது. "அந்தச் செவுரு எனக்கும் புடிக்குமுங்க."

"உங்க அத்தைய சமையக்கட்டு வழியா ஓடச் சொல்லலாமா?"

"ஓடுமுங்க. போற போக்குல நாலு வடையும் எடுத்துக்கும்."

ரூபினா கையை நீட்டினாள். அவர் தன் பிளேடைக் கொடுத்தார்.

மைக்கோடுகள் தூளாக உதிர்ந்தன. ஓரிடத்தில் அழுத்திச் சுரண்டியதில் தாள் கிழியப் பார்த்தது. மாலைக்குள் வெளிப்பக்கமாகத் திறக்கும் மூன்று அகலக் கதவுகள் வந்துவிட்டன. அவற்றுக்கு இடையிலும் இரு ஓரங்களிலுமாக ஜாலி நான்கு துண்டாக நின்றது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்க்காமல் இருந்தாள்.

மறுநாள் பொங்கியண்ணன் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். "ஏனுங்க அம்மணி, செவுரு பூரா கதவாப் போச்சே?"

"விரல் வைங்கய்யா. நீங்க விருந்தாளி. முதல் பந்தி நெறஞ்சிருச்சு."

தடித்த விரல் வராண்டாப் பக்கமே போகவில்லை. நேரே உள்ளே போய், நல்ல நாற்காலியாகப் பார்த்துப் பின்னால் நின்றது.

"இப்ப தீ."

விரல் சுற்றுமுற்றும் பார்த்து, நடுக்கதவு வழியாகத் தோப்புக்குள் இறங்கியது. அங்கேயே நின்றது.

"தீ இல்லாத நாள்ல இதுகளத் தொறந்து வச்சே பந்தி போடலாமில்லைங்க? தோப்பு முழுசாத் தெரியுமே."

ரூபினாவுக்கு அந்த யோசனை தோன்றியிருக்கவே இல்லை.

"அதுக்குந்தானுங்க போட்டிருக்குது" என்று முந்திக்கொண்டார் தம்பிதுரை. அவள் அவரை முறைத்தாள், மறுத்துச் சொல்லவில்லை.