இரண்டு குதிகால்கள்

பூந்தமல்லியில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே நோயாளிகளின் கோப்புகளுக்கு நோய்க் குறியீடு போடுவது ஹெலினாவின் வேலை. எலும்பு முறிந்தால் ஓர் எண், அது எப்படி முறிந்தது என்பதற்கு இன்னோர் எண். அன்று காலை வந்த கோப்பு மாங்காட்டைச் சேர்ந்த சௌம்யாவுடையது. வயது இருபத்தாறு. கல்குவாரிக் குட்டையில் துணி துவைக்கும்போது வழுக்கி விழுந்ததாகக் கணவன் தேவா சொன்னதை டாக்டர் உலகநாதன் அப்படியே எழுதியிருந்தார்.

விழுந்ததற்கான எண்ணை அடிக்கப் போனவள் எக்ஸ்ரே குறிப்பைப் பார்த்து நிறுத்தினாள். இரண்டு குதிகால் எலும்புகளும் நொறுங்கியிருந்தன. பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறாள். வழுக்கியவர்களுக்கு மணிக்கட்டு முறியும், இடுப்பு முறியும். இரண்டு குதிகாலும் சேர்ந்து உடைவது பெரும்பாலும் குதித்தவர்களுக்குத்தான். தண்ணீரில் குதித்து அடிபட்டால் வேறு எண். உயிரை விடக் குதித்திருந்தால் இன்னொன்று. டாக்டர் எழுதாததை அவளாகப் போடவும் முடியாது.

பெயரைச் சரிபார்க்கிற சாக்கில் வார்டுக்குப் போனாள்.

"சௌம்யாதானேம்மா உன் பேரு?"

"ஆமா மேடம்," என்றான் தேவா.

"எப்படிம்மா அடிபட்டுச்சு?"

"அதான் வழுக்கிட்டான்னு சொன்னேனே." கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மனைவியின் மணிக்கட்டைப் பிடித்திருந்தான். சௌம்யா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கால்களிலும் முழங்கால்வரை மாவுக்கட்டு.

ஹெலினா நேராக டாக்டரிடம் போய்ச் சொன்னாள். அவர் படத்தை மறுபடி வெளிச்சத்தில் பார்த்தார். "எக்ஸ்ரே ரூமுக்குக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அங்க கூட வர்றவங்களை விடமாட்டாங்க. நீங்களும் இருங்க."

அந்த அறையில், எப்படி அடிபட்டது என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். சௌம்யா கதவைப் பார்த்தாள்.

"சாத்திகீதா?"

"சாத்தியாச்சும்மா," என்றாள் ஹெலினா.

"வேலைக்குப் போறப்போ என்னை உள்ள வெச்சுப் பூட்டிகினு பூடுவாரு. ரெண்டு வருசமா. அன்னிக்கு மறந்துட்டாரு. சேக்காட்டுல அக்கா ஊட்டுக்குப் போலாம்னு ஓடியாந்தேன். பாதியில பாத்துட்டாரு. வண்டியில தொரத்திகினு வந்தாரு. எதுக்க குட்டை."

"சாகணும்னு குதிச்சியாம்மா?" என்றார் டாக்டர்.

"இல்ல சார். எனக்கு நீச்சல் தெரியும். அவருக்குத் தெரியாது. அந்தாண்ட கரைக்குப் போய்ட்டா வரமாட்டாருன்னு குதிச்சேன். இடுப்பளவுதான் தண்ணி. கீழ பூரா பாறை."

டாக்டர் பழைய வரியை அடித்துவிட்டு, அவள் சொன்னதை அவள் வார்த்தைகளிலேயே எழுதினார். "போலீசுக்குச் சொல்லணும்மா. சரியா?"

"சொல்லுங்க. அவங்க வர்ற வரைக்கும் அவர் பக்கத்துல என்னை விடாதீங்க."

பார்வையாளர்களை அனுமதிக்காத தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அவளை மாற்றினார்கள். சௌம்யாவின் அக்கா ரேணுகாவுக்கு ஹெலினா போன் செய்தாள். மதியம் போலீஸ் வந்தபோது தேவா, "எம் பொண்டாட்டிய நான் கூட்டிகினு போறேன், உங்களுக்கு இன்னா?" என்று கத்தினான். ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார்கள்.

தண்ணீரில் குதித்ததற்கான எண்ணை ஹெலினா அடித்தாள். அதன் கீழே, கணவனின் கொடுமை என்பதற்கான எண்.

மாலையில், மறுபடி வார்டுக்கு மாற்றப்பட்டிருந்த சௌம்யாவைப் பார்க்கப் போனாள். ரேணுகா தங்கைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் எப்பக்கா நடப்பேன்?" என்று சௌம்யா ஹெலினாவிடம் கேட்டாள்.

"மூணு மாசமாவது ஆகும்மா."

"அதுக்குள்ள அவர் வெளிய வந்துடுவாரு."

ரேணுகாவின் கை நின்றது. ஹெலினா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.