கசார்வாடி மைதானத்துப் பாம்புப் பெண்

என் மனைவி கனகவல்லி பஸ்ஸிலிருந்து போன் செய்தாள். "என்னங்க, நம்ம சுப்ரஜாவைப் பார்த்துட்டேன்." எங்கே என்று கேட்டேன். "கசார்வாடி மைதானத்துல. படுதாவுல வரைஞ்சு மாட்டியிருக்காங்க."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. சிஞ்ச்வட் வீட்டிலிருந்து வேலைக்குப் போன எங்கள் மகள் திரும்பி வராமல் மூன்று வருடமாகிறது. அதற்குள் கனகா அவளை லோக்கல் ரயிலில், கேம்ப் கடைவீதித் துணிக்கடையில், யார் வீட்டுக் கல்யாண வீடியோவிலோ எல்லாம் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் திட்டிக்கொண்டே ஓடியிருக்கிறேன். இந்தத் தடவையும் ஆட்டோ பிடித்து ஓடினேன்.

ஜத்ராத் திருவிழாவுக்காக மைதானத்தில் ராட்டினம் போட்டிருந்தார்கள். ஒரு கூடாரத்தின் முகப்பில் இரண்டு ஆள் உயரத்துக்குத் துணிப் படுதா. சுருண்டு கிடக்கும் பச்சைப் பாம்பு, அதன் கழுத்துக்கு மேலே ஒரு பெண் முகம். சுப்ரஜாவேதான். சின்ன வயதில் ஊஞ்சலிலிருந்து விழுந்து புருவத்தில் வந்த தழும்புகூட இருந்தது.

ஸ்பீக்கரில் ஒருவன் இந்தியில் கத்திக்கொண்டிருந்தான். பெற்றவர் பேச்சைக் கேட்காத பெண், சாபத்தால் பாம்பானாள், வாருங்கள், வந்து பாருங்கள். எங்கள் அடுக்குமாடி சொசைட்டியில் கீழ்வீட்டுக்காரர்கள் சாபத்தையும் பாம்பையும் மட்டும் விட்டுவிட்டு மீதியை எங்கள் மகளைப் பற்றி அப்படியே சொல்கிறார்கள். நாசமாய்ப் போக.

"தழும்பு மொதக்கொண்டு போட்டிருக்கான். அவளை எதிர்ல உட்கார வெச்சுத்தான் வரைஞ்சிருக்கணும்" என்றாள், பஸ்ஸை விட்டு இறங்கி அங்கேயே நின்றிருந்த கனகா. நம்பக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நானும் நம்பினேன்.

உள்ளே போய்ப் பார்த்தோம். மேஜை மேல் துணிப்பாம்புக்கு மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டு வேறு யாரோ ஒரு பெண். எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள்.

படுதா வரைகிறவர் பெயர் திகம்பர். கூடாரத்துக்குப் பின்னால் இருந்தார். இன்னொரு துணியில் இரட்டைத்தலைக் கன்றுக்குட்டிக்குக் கண் வரைந்துகொண்டிருந்தார். பாம்புப் பெண்ணின் முகம் எங்கே கிடைத்தது என்று இந்தியில் கேட்டேன்.

"செவுத்துல, சாஹேப்" என்றார். "ஸ்டேஷன் பக்கம் ஒரு நோட்டீஸ். எழுத்தெல்லாம் கிழிஞ்சிருந்துச்சு, மூஞ்சி மட்டும்தான் மிச்சம். கற்பனையா வரைஞ்சா ஜனங்க நிக்கறதில்ல. எங்கயோ பார்த்த மூஞ்சி மாதிரி இருந்தாத்தான் நிப்பாங்க. அதனால கிடைக்கிற மூஞ்சிய எடுத்துக்குவோம்."

காணவில்லை என்று போட்ட அந்த நோட்டீஸை ஒட்டியது நான். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்து ஒட்டியது.

கனகா மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் விஷயத்தைச் சொன்னேன். திகம்பருக்கு முகம் செத்துப்போயிற்று. அவர் மேல் கோபப்படத்தான் வந்திருந்தேன், முடியவில்லை. மனிதர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, வெள்ளைப் பெயிண்ட் டப்பாவோடு முகப்புக்கு வந்து ஏணியைச் சாத்தினார். "இப்பவே அழிச்சிடறேன்."

கனகா எழுந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். "அழிக்க வேண்டாம்னு சொல்லுங்க."

"பைத்தியமா உனக்கு? பாம்பு உடம்போட நம்ம பொண்ணு ஊர் ஊராச் சுத்தணுமா?"

"நீங்க ஒட்டின நோட்டீஸ் முன்னாடி ஒருத்தராவது நின்னாங்களா? இங்க பாருங்க, எத்தனை பேர் அண்ணாந்து பார்த்துட்டு நிக்கறாங்க."

அவளே திகம்பரிடம் உடைந்த இந்தியில் சொல்லி, இவளைப் பார்த்தவர்கள் அழைக்கவும் என்று தன் போன் நம்பரோடு எழுத வைத்தாள். இடம் இல்லாததால் பாம்பின் வயிற்றில் எழுதினார். பளிச்சென்று தெரியட்டும் என்று சிவப்பில் எழுதினார்.

போன்கள் வர ஆரம்பித்தன. பார்ஷி, சாங்லி, சோலாப்பூர் என்று படுதா போன ஊர்களிலிருந்தெல்லாம் வந்தன. எல்லாம் ஆண் குரல்கள். பாம்புக்காரி இருக்கிறாளா, தனியாக வருவாளா, இடுப்புக்குக் கீழே எப்படி. பின்னால் கூட்டாளிகள் சிரிப்பார்கள். நான் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வைப்பேன். நம்பரை மாற்றிவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். கனகா போனை என்னிடம் தருவதையே நிறுத்திவிட்டாள். குளிக்கப் போனாலும் எடுத்துக்கொண்டு போகிறாள். பெற்ற வயிறு இந்தப் பேச்சையெல்லாம் எப்படித் தாங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று சாயங்காலம் அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது ஒருவன் கூப்பிட்டான். கையில் பிசுபிசுப்பு, அதனால் ஸ்பீக்கரில் போட்டாள். கோலாப்பூரிலிருந்து பேசினான். அதே கேள்விகள், அதே சிரிப்பு. நான் போனைப் பிடுங்கப் போனேன், அவள் கையை நீட்டித் தடுத்தாள். அவன் சிரித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு அவளுடைய இந்தியில் மெதுவாகக் கேட்டாள்.

"தம்பி, அங்க மழை பெய்யுதா? படுதாவுல அவ முகம் கலையாம இருக்கா?"

சிரிப்பு நின்றது. பின்னால் ராட்டினத்தின் இரைச்சல் கேட்டது.

"இருக்கு, அம்மா" என்றான்.

"கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்துட்டுச் சொல்லுப்பா" என்றாள் கனகா.