இருபது மில்லிமீட்டர்

கணக்கு வாத்தியாருக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. பரீட்சைத் தாளில் ஓரம் விடாதவன், 'ஒரே ஒரு சந்தேகம்' என்று வரிசையில் குறுக்கே நுழைகிறவன், அளவுகோலில் பூஜ்யத்தை விட்டுவிட்டு ஒன்றிலிருந்து அளக்கிறவன் என்று தினமும் யாராவது அகப்பட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அந்த மூன்று மாதமும் அவருடைய கோபம் மொத்தமும் ஒரே இடத்தில் குடியேறியிருந்தது. அது அவருடைய காரின் டயருக்கும், டயருக்கு மேலே வளைந்து நிற்கும் தகட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி.

சாதாரணக் கார் இல்லை. இரண்டு கதவு, நீண்ட மூக்கு, பின்பக்கம் வழித்துவிட்டாற்போன்ற சரிவு. ஏற்கெனவே இருவர் ஓட்டி முடித்த ஸ்போர்ட்ஸ் கார். பின் சீட் என்று ஒன்று இருந்தது. அதில் ஒரு குடை தாராளமாக உட்காரலாம். பதினைந்து வருடம் ஆசைப்பட்டு வாங்கியது. எல்லாம் அழகுதான், நிற்கிற உயரத்தைத் தவிர. தண்ணீர் தேங்கிய தெருவில் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு நடப்பவனைப் போல நின்றது.

"இவ்ளோ பெரிய கம்பெனி வெச்சிருக்கான், ஒருத்தன்கூட எட்ட நின்னு பாக்கலையா?" என்று மொட்டைமாடியிலிருந்து காரைப் பார்த்து வாத்தியார் கத்தினார். கீழே போன பால்காரர் தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துச் சைக்கிளை விட்டு இறங்கினார்.

வாத்தியாரின் மனைவி நர்ஸ். நோயாளிகளைப் புரட்டிப் புரட்டிப் படுக்கவைத்ததில் அவள் இடுப்பில் ஒரு டிஸ்க் இடம் மாறியிருந்தது. குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் வாத்தியார் அவளை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார். முப்பத்தைந்து நிமிடம். சாயங்காலம் அவருக்கு டியூஷன். அவர் முடித்து வரும்போது அவள் தூங்கியிருப்பாள். ஆகவே அவர்களுடைய குடும்பம் நடந்ததே அந்த முப்பத்தைந்து நிமிடத்தில்தான். வாஷிங் மெஷின் வாங்கியது, சண்டை போட்டது, சமாதானமானது, தலைமை நர்ஸின் அட்டூழியங்களை நாள்வாரியாகக் கேட்டது எல்லாம் அந்த இரண்டு சீட்டில்தான்.

"காரை இறக்கணும்னா இறக்கிக்கோங்க. என் இடுப்பு ஒத்துக்கலைன்னா நான் ஆஸ்பத்திரி வேன்ல போய்க்கறேன். நீங்க மட்டும் அழகா போங்க" என்றாள்.

"உன் இடுப்புக்குத் தெரியவே தெரியாது. நான் கணக்குப் போட்டுச் செய்றவன்."

"அதான் பயமா இருக்கு."

கணக்குப் போட ஆரம்பித்த பிறகுதான், காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்கை விற்கிறவர்களுக்கும் கணக்குக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது தெரிந்தது. ஒரு கடைக்காரர், "கம்ஃபர்ட்டும் இருக்கும், ஸ்போர்ட்டியாவும் இருக்கும்" என்றார். எவ்வளவு இறங்கும் என்று கேட்டதற்கு, "நல்லா இறங்கும்" என்றார். இணையத்தில் கார் பைத்தியங்களின் குழு ஒன்று இருந்தது. அங்கே ஒரே ஸ்பிரிங்கை ஒருவன் பஞ்சு மெத்தை என்றான், இன்னொருவன் கருங்கல் என்றான். இருவரும் தங்கள் எடையையும், ஓட்டும் சாலையையும், டயரின் காற்றையும் எழுதினால் ஒரு முடிவுக்கு வரலாம் என்று வாத்தியார் பணிவாகக் கேட்டார். அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

மச்சினன் செல்போன் கடை வைத்திருப்பவன். அவனிடம் எல்லாவற்றுக்கும் விடை இருந்தது.

"மாமா, விரல் வெச்சுப் பாக்கணும். டயருக்கும் பாடிக்கும் நடுவுல ரெண்டு விரல் போனா கெத்து. நாலு விரல் போனா அது குடும்ப வண்டி."

"யாரோட விரல்?"

"என்ன மாமா?"

"யாரோட விரல்டா அது? உன் விரலா, என் விரலா, எங்க ஸ்கூல் பி.டி. மாஸ்டர் விரலா? அவர் ஒரு விரல் உன்னோட ரெண்டு விரல்!"

"உலகமே விரல்லதான் மாமா அளக்குது."

"அதான் உலகம் இப்படி இருக்கு" என்று சொல்லிவிட்டு வாத்தியார் பதினொரு ஸ்பிரிங்குகளுக்கு அட்டவணை போட உட்கார்ந்தார்.

நாற்பது மில்லிமீட்டர் இறக்குபவை முதல் சுற்றிலேயே ஃபெயில். அவ்வளவு இறக்கினால் சக்கரம் மேலே வர இடம் இருக்காது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ளே இருக்கும் தடுப்பு ரப்பரில் போய் இடிக்கும். கடைசியில் மிஞ்சியது இருபது மில்லிமீட்டர் மட்டும் இறக்கும் ஒன்று. மேல் சுற்றுகள் நெருக்கமாகவும் கீழ்ச் சுற்றுகள் அகலமாகவும் இருக்கும். சின்ன மேடு பள்ளத்தில் விட்டுக்கொடுக்கும். பெரிய பள்ளத்தில்தான் விறைக்கும். பழைய ஷாக் அப்சார்பரே போதும். வாத்தியார் அதற்குத் தொண்ணூற்றிரண்டு மார்க் போட்டார். அவருடைய பணிக்காலத்தில் அந்த மார்க் வாங்கியவர்கள் மூன்றே பேர்.

காரைத் தலைக்கு மேலே தூக்கும் லிஃப்ட் அந்தத் தெருவில் ஒரே ஒரு பட்டறையில்தான் இருந்தது. அதனால் அதன் மெக்கானிக்குக்கு லிஃப்ட் அண்ணன் என்று பெயர். அதிகம் பேசாத மனிதர். வாத்தியார் அந்தக் குறையை நிரப்பினார். ஸ்பிரிங் பெட்டிக்குள் புத்தகம்போல் மடித்து வைத்திருந்த குறிப்புத் தாளை எடுத்து, அதன் வெறும் பின்பக்கத்தில் கழற்றவேண்டிய போல்ட்டுகளை வரிசை எண் போட்டு எழுதி, சிவப்புப் பேனாவுடன் காருக்கு அடியில் நின்றுகொண்டார்.

பழைய ஸ்பிரிங் வெளியே வந்தது. புதியது உள்ளே போனது. சக்கரங்களைத் தாங்கும் இரும்புக் கைகளின் போல்ட்டுகளை லிஃப்ட் அண்ணன் கையால் லேசாகத் திருகிவிட்டு, லிஃப்டை இறக்கப் போனார்.

"என்னண்ணே, எங்க போறீங்க?"

"இறக்கிட்டு இறுக்கிடறேன் சார்."

"போல்ட்டு லூசா இருக்கும்போது வண்டிய இறக்குவீங்களா?"

"இல்ல சார், இது வந்து..."

"நான் பேசறேன்ல! இதுதான் நம்ம ஆளுங்க பிரச்சனை. இதுல என் பொண்டாட்டி போறா. ஒவ்வொரு போல்ட்டா மேலயே இறுக்குங்க, நான் டிக் போடறேன்."

லிஃப்ட் அண்ணன் அவரைப் பார்த்தார், காரைப் பார்த்தார். கார் அந்தரத்தில் நான்கு கால்களையும் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. பிறகு ஸ்பேனரை எடுத்துப் பதினாறு போல்ட்டுகளையும் இறுக்கினார். பதினாறு சிவப்பு டிக் விழுந்தது.

மறுநாள் காலையில், பேக்கரியைத் தாண்டினால் வரிசையாக வரும் மூன்று வேகத்தடைகளில், முதலாவதில் நர்ஸ் பேச்சை நிறுத்தினாள். இரண்டாவதில் கதவுப் பிடியைப் பிடித்தாள். மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டு, "வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றாள்.

"புதுசுல்ல, பழகணும்."

"யாரு, ஸ்பிரிங்கா நானா?"

அடுத்த நாள் முதல் அவள் வேனில் போனாள்.

வாத்தியார் டேப்பை எடுத்து அளந்தார். சக்கரத்தின் நடுவிலிருந்து தகடு வரை, நான்கு மூலையும். கார் ஒன்பது மில்லிமீட்டர்தான் இறங்கியிருந்தது! இருபது என்று அச்சிட்டு விற்றிருக்கிறான், பாதிகூட இல்லை. அழகும் வரவில்லை, சுகமும் போய்விட்டது. மச்சினன் வந்து விரலை விட்டுப் பார்த்தான்.

"மாமா, ஒரு சுத்து வெட்டிடலாம். கிரைண்டர் வெச்சா அஞ்சே நிமிஷம்."

"உன் காலை வெட்டினா நீ நல்லா ஓடுவியா?"

"கோவத்த பாரு! வெட்டினா குட்டையாவேன்ல, அதானே நீங்க கேட்டீங்க."

லிஃப்ட் அண்ணன் போனில், "கொஞ்சம் ஓட்டுங்க சார், பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அதற்குள் ஆத்திரம் எல்லை கடந்துவிட்டது. காரணம் ஸ்பிரிங் கூட அல்ல. அவள் வேனில் போகத் தொடங்கிய பதினொன்றாம் நாள், தலைமை நர்ஸ் மருந்து அலமாரிச் சாவியைத் தொலைத்துவிட்டு வார்டையே கவிழ்த்த சம்பவம், தெருமுனைப் பழக்கடைக்காரர் வாயிலாக வாத்தியார் காதுக்கு வந்தது. பழக்கடைக்காரரின் மகள் அதே வேனில் போகிறாள்.

"இத நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டார்.

"வேன்ல சொல்லிட்டேன். ஒரே கதைய ரெண்டு தடவ சொல்ல முடியுமா? அலுத்துப்போச்சு."

அவருடைய வீட்டுச் செய்தி ஊர் சுற்றி, ஆரஞ்சுப் பழத்தோடு அவருக்கு வருகிறது! அன்றே ஸ்பிரிங் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார். இரண்டு பக்கம், ஒரு வரைபடம், நான்கு மூலைகளின் அளவு. 'ஒரு குடும்பத்தின் காலை நேரத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு' என்று முடித்திருந்தார்.

ஐந்தாம் நாள் பதில் வந்தது. நான்கே வரி. இரும்புக் கைகளின் போல்ட்டுகளை, கார் தன் முழு எடையோடு சக்கரங்களில் நிற்கும்போது இறுக்கினீர்களா? தூக்கிய நிலையில் இறுக்கினால், இறக்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். உயரம் குறையாது, ஓட்டம் கல்லாக இருக்கும். குறிப்புத் தாளின் மூன்றாம் பக்கத்தில் படத்துடன் உள்ளது. அன்புடன்.

வாத்தியார் தாளைத் தேடி எடுத்தார். பதினாறு சிவப்பு டிக் தெரிந்தது. திருப்பினார். மூன்றாம் பக்கம். தரையில் நிற்கும் கார், அதன் அடியில் ஒரு ஸ்பேனர், பக்கத்தில் குழந்தைக்கும் புரிகிற மாதிரி ஆச்சரியக்குறி. 'கேள்வியை முழுசாப் படிடா' என்று இருபத்திரண்டு வருடமாக ஊரார் பிள்ளைகளின் காதைத் திருகியவர், கொஞ்ச நேரம் தன் காதைத் தடவிக்கொண்டார்.

பிறகு, இருக்கிற ஒரே வழியாக, லிஃப்ட் அண்ணன்மேல் கோபப்பட்டார்.

"உங்களுக்குத் தெரியும்ல? ஏண்ணே சொல்லல?"

"வாயத் தொறந்தேன் சார். நீங்க 'நான் பேசறேன்ல'ன்னீங்க."

"தரையில வெச்சுதான் இறுக்கணும்னு ஒரு வார்த்தை! காரணத்தோட எடுத்துச் சொன்னா கேக்கமாட்டேனா?"

"காரணம்லாம் எனக்குத் தெரியாது சார். மேல இறுக்கினா வண்டி திரும்பி வரும். கீழ இறுக்கினா வராது. அவ்ளோதான் தெரியும்."

"அப்புறம் நான் போன் பண்ணப்பவாச்சும்..."

"போன்லயும் நீங்கதானே சார் பேசினீங்க."

அவர் சொன்னது உண்மைதான். அதுவே அவருக்கு ஆத்திரமாக இருந்தது.

நான்கு சக்கரத்துக்கும் அடியில் கனமான மரப் பலகைகளைக் கொடுத்து, கார் தன் எடையில் நிற்க, லிஃப்ட் அண்ணன் அடியில் நுழைந்தார். வாத்தியார் இந்த முறை வெளியே ஸ்டூலில் உட்காரவைக்கப்பட்டார். முதல் போல்ட் தளர்ந்ததும் 'டங்' என்று ஒரு சத்தம். காரின் மூக்கு ஓர் இழை தாழ்ந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. ஒவ்வொன்றுக்கும் கார், இறுக்கிப் பிடித்திருந்த மூச்சை விடுவதுபோல் இறங்கிக்கொண்டே வந்தது. லேசாக ஆட்டிவிட்டு அப்படியே இறுக்கினார். வாத்தியார் டேப்பை வைத்தார். முன்னால் இருபது. பின்னால் பத்தொன்பது. அந்த ஒரு மில்லிமீட்டரைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தார். லிஃப்ட் அண்ணன் ஸ்பேனரைத் துடைத்தபடி அவரைப் பார்த்தார். வாத்தியார் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

ஆனால் நர்ஸுக்கு வேன் பிடித்துப்போயிருந்தது.

"நாளைக்கு ஒரு நாள் வந்து பாரேன். சரியாயிடுச்சு."

"என்ன ஆச்சாம்?"

"போல்ட்டை மேல வெச்சு இறுக்கிட்டாங்க."

"யாரு இறுக்கினா?"

"பட்டறையிலதான்."

"யாரு இறுக்கச் சொன்னா?"

வாத்தியார் ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் உதவவில்லை. "நான்தான்" என்றார்.

"என்ன? கேக்கல."

"நான்தான், நான்தான்! அவர் ஒழுங்காத்தான் செய்ய வந்தாரு. நான்தான் நடுவுல பூந்து கெடுத்தேன். போதுமா?"

நர்ஸ் அவரை ஒரு வினாடி பார்த்துவிட்டு, "அப்ப வரேன்" என்றாள்.

மறுநாள் காலை அவள் முதுகுக்குப் பின்னால் சிறு தலையணையோடு வந்து உட்கார்ந்தாள். வாத்தியாரிடம் பதினெட்டு நாள் பேச்சு சேர்ந்திருந்தது. ஸ்பிரிங் கம்பெனியின் திமிரான நான்கு வரி, மச்சினனின் கிரைண்டர், ஸ்டூலில் உட்காரவைத்த அவமானம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார். ஆனால் முதலில் வேகத்தடை. முதலாவது, மெத்தையில் கைவைத்து எடுத்ததுபோல் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்காமல் ஏறி இறங்கினார்.

"எப்படி?" என்றார். பதில் இல்லை.

"இப்ப சொல்லு, என் கணக்கு சரியா தப்பா? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? மூணு மாசம் மண்டைய உடைச்சிருக்கேன்..." என்று கொதித்துத் திரும்பினார். அவள் தலை கதவுப் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். வேனின் கம்பிச் சீட்டில் இத்தனை நாளும் நிமிர்ந்து உட்கார்ந்து போனவள்.

வாத்தியாருக்குச் சுர்ரென்று வந்தது. பேசுவதற்காகக் காரைச் சரிசெய்தால், கார் சரியானதால் ஆள் தூங்குகிறாள்! இதை யாரிடம் போய்ச் சொல்வது? இதற்கு எந்தக் கம்பெனிக்குக் கடிதம் எழுதுவது? ஹாரன்மேல் கை போயிற்று. பிறகு கையை எடுத்து, எதிர்வெயில் அவள் கண்ணில் விழாதபடி அவள் பக்கத்து மறைப்பை மெதுவாகத் திருப்பிவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. டூட்டிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. காவலாளி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"சார், இங்க நிறுத்தக்கூடாது, எடுங்க."

வாத்தியார் கண்ணாடியை இரண்டங்குலம் இறக்கி, வாழ்நாளில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தித் திட்டினார்.

"அறிவிருக்கா? மெதுவாப் பேசுய்யா."