உள்ளே வெள்ளையாக ஒரு டைமண்ட்

வெள்ளைப் பலகையை நகர்த்தினால்தான் குளிர்பெட்டி அறைக்குள் நுழையும். கொழுந்தன் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டே கேட்டான்.

“அண்ணி, இதை அழிச்சிட்டு ஓரமா வச்சிடட்டுமா?”

“அழிக்காதே. திங்கட்கிழமை வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாதுன்னு உங்கண்ணன் உத்தரவு.”

உத்தரவு போட்டவர்தான் திங்கள் வரைக்கும் தாங்கவில்லை. நேற்று மாலை இதே பலகைமுன் நின்றிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டாள். “இதோ, ஒரே நிமிஷம்” என்றார். அப்படியே சரிந்தார். அவ்வளவுதான்.

பலகை முழுக்கக் கட்டங்களும் கோடுகளும். ஒரு மருத்துவமனையின் மென்பொருள் புதிய கிளவுட் தளத்துக்குப் போகிறது. அங்கே எது எங்கே உட்காரும், எது எதோடு பேசும் என்று முன்கூட்டியே வரைந்து கொடுப்பது அவர் பிழைப்பு. இருபத்தாறு வருஷமாக ஊருக்கெல்லாம் பேச வழி வரைந்தவர், வீட்டில் உப்பு வேண்டுமென்றால் கையைத்தான் நீட்டுவார்.

அவரோடு வேலை பார்த்தவன் வந்தான். ‘ஒல்லி’ என்றுதான் அவர் கூப்பிடுவார். ஆள் நல்ல பருமன். கைகட்டி நின்றவன், மெல்லப் போனை எடுத்தான்.

“தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. பலகையை ஒரு போட்டோ எடுத்துக்கிறேன்.”

“எடுத்துக்கோ. அவரைவிட அதுதான் போட்டோல நல்லா விழும்.”

எடுத்தான். போகவில்லை. பாதி விலைக்குக் கேட்க வந்தவன் மாதிரி நெளிந்தான்.

“கடைசியா இதைப்பத்தி ஏதாவது சொன்னாரா?”

அவன் விரல் காட்டிய இடத்தில், பெரிய கட்டத்தையும் சின்னக் கட்டத்தையும் சேர்க்கும் கோட்டின் நுனியில் ஒரு டைமண்ட். மற்ற டைமண்ட் எல்லாம் கறுப்பு. இது உள்ளே வெள்ளை.

“வெள்ளையா இருந்தா என்ன?” என்றாள்.

“கறுப்பா நிரப்பினா, பெருசு போகும்போது சின்னதும் கூடவே போயிடும். வெள்ளையா விட்டா, பெருசு போனாலும் சின்னது தனியா இருக்கும். மாத்திப் போட்டா நோயாளிங்க குறிப்பெல்லாம் அழிஞ்சிடுங்கக்கா.”

அவர் வேலையைப் பற்றி அவளிடம் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை, அவர் உட்பட. அவள் அந்த டைமண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வெள்ளையாத்தான் இருக்கணும்னார்.”

“அப்பாடா,” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

எல்லாம் முடிந்து, கொழுந்தனும் கிளம்பிப்போன பிறகு, விளக்கைப் போட்டாள். பலகையின் அடிவிளிம்பில் மார்க்கர் மூடியில்லாமல் கிடந்தது. எடுத்து, அந்த வெள்ளை டைமண்டை நிரப்ப உள்ளே வைத்து இழுத்தாள். கீச்சென்றது, கோடு விழவில்லை. எப்போது காய்ந்ததோ.

நாற்காலிக்கடியில் மூடி கிடந்தது. குனிந்து எடுத்து, ‘டக்’கென்று சத்தம் வரும்வரை அழுத்தி மூடினாள்.