தாமசினின் கட்டில்

வசந்தத்தில் ஊரெல்லையைச் சுற்றி நடக்கும் நாள் வந்தால் மார்ஸ்டன் ஊருக்கே கொண்டாட்டம். பாதிரியார் முன்னே போக, ஊரார் குச்சியோடு பின்னே போய் எல்லைக் கல் ஒவ்வொன்றையும் தட்டுவார்கள். கல்லுக்குக் கல் பீர் உண்டு. எல்லைக்கோடு வீட்டுக்குள் போனால் அவர்களும் போயாக வேண்டும், ஜன்னலேறியாவது.

சலவைக்காரி தாமசினின் குடிசைக்குள் அப்படித்தான் எல்லோரும் குதித்தார்கள். கடைசியாகக் குதித்தவர் பண்ணைக்காரர் பார்னபி கிரௌச். அந்த வருடம் ஊர் ஏழைகளுக்கு ரொட்டியும் விறகும் அளப்பது அவர் பொறுப்பு. கட்டிலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"தாமசின், அடுப்பு நம்ம பக்கம் இருக்கு, கட்டில் கோட்டுக்கு அந்தப் பக்கம் கிடக்கு. தூங்குற இடந்தான் ஊரு. இனி நீ பக்கத்து ஊர் ஹோல்ட்டுக்காரி. விறகை அவங்ககிட்டக் கேளு."

"அவங்க என்னைச் சேர்த்துக்க மாட்டாங்கய்யா. கட்டிலை இப்பவே நகர்த்திடுறேன்."

"எல்லை நடக்குற அன்னிக்கு எங்க இருக்கோ, அதான். ஊரே பாத்தாச்சு."

தாமசின் புருஷனில்லாதவள், இரண்டு ஊரும் கைவிட்டால் வரும் பனிக்காலத்தை அவள் தாண்ட மாட்டாள். ஆனாலும் அழவில்லை. ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்தாள்.

அடுத்தது கிரௌச்சின் வீடு. கூட்டம் மரியாதையாகச் சுற்றிப் போகப் பார்த்தது.

"ஏன் சுத்திப் போறீங்க?" என்றாள் தாமசின். "கல்லு ஐயாவோட புது அறைக்குக் கீழதானே இருக்கு. அந்த வீட்டு விரிப்பைத் துவைக்கிறவ நான்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா? பீர் ஏறிய கூட்டம் ஜன்னலேறிக் குதித்தது. சமையலறைதான் மார்ஸ்டனில் இருந்தது. திரை போட்ட பெரிய கட்டிலின் நாலு காலும் ஹோல்ட்டில்.

பாதிரியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "தூங்குற இடந்தான் ஊருன்னா, நம்ம தேவாலயத்துல முதல் வரிசை இனி உங்களுது இல்லையே, கிரௌச்."

வாசலில் நின்ற திருமதி கிரௌச்சின் முகம் சிவந்தது. பட்டுக்கு முன் வரிசை, கம்பளிக்கு நடு வரிசை, கந்தலுக்குச் சுவரோரம் என்றிருந்த அந்தத் தேவாலயத்தில், முன் வரிசைக்காக அவள் மூன்று வருடம் மல்லுக்கட்டியவள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள்.

கிரௌச் தொண்டையைச் செருமினார். "யோசிச்சுப் பார்த்தா, அடுப்பு எங்கயோ அதுதான் ஊரு."

"ரொம்ப சரிங்கய்யா," என்றாள் தாமசின். "அந்த அடுப்புக்கு விறகு எப்ப வரும்?"

"இன்னிக்கே வரும்," என்று முந்திக்கொண்டாள் திருமதி கிரௌச். "இவரே தூக்கிட்டு வருவாரு."