வெடிக்காத துவக்கு

பெட்டியை உடைத்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அந்தப் புது எயார் ரைபிள் என் மனுசனைச் சாய்த்துவிட்டது.

சாம்பல்தீவில் கடலோரத்தில் இருக்கும் எங்கள் கச்சான் கடலைத் தோட்டத்தைக் குரங்குகள் தங்கள் சீதனக் காணிபோல ஆண்டுவந்தன. தகரம் தட்டித் தட்டிக் கை நொந்ததுதான் மிச்சம். நான்தான் இவரை அரித்து இதை வாங்க வைத்தேன். இவர் குறிபார்த்து விசையை இழுத்தார். டிக் என்றது, அவ்வளவுதான். குண்டு வரவில்லை. குரங்கு எங்களைப் பார்த்துப் பல்லை இளித்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

திரும்பினால், என் மனுசன் இராசதுரை துவக்கைப் போட்டுவிட்டு மணலில் முழங்காலில் நிற்கிறார். இரண்டு கையும் பிடரியில்.

"தம்பி, ஓடடா!" என்று கத்தினார்.

இவருடைய தம்பி சிவரூபன் கடலுக்குப் போய்த் திரும்பி வரவில்லை என்றுதான் கலியாணம் பேசும்போது எனக்குச் சொன்னார்கள். தேத்தண்ணி குடித்து முடித்தபிறகு, இத்தனை வருடத்தில் முதன்முறையாக இவர் வாய் திறந்தார்.

"தொண்ணூறாமாண்டு, புஸ்பம். எங்கள் ரெண்டு பேரையும் ஆமிக்காரர் கடற்கரையில முழங்காலில இருத்தினவங்கள். ஒருத்தன் முதல் எனக்குத்தான் வெடி வைச்சவன். டிக் எண்டுது, வெடிக்கேல்ல. அவன் சிரிச்சுப்போட்டு, மற்றவன்ர துவக்கை வாங்கித் தம்பிக்கு வைச்சவன். அந்தச் சத்தத்தில நான் கடலுக்க பாஞ்சிட்டன்."

நானும் சிரித்தேனே என்று என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

"இந்தச் சனியனைத் திருப்பிக் குடுப்பம்" என்றேன்.

"வேண்டாம். திருத்திக் கொண்டு வா."

அதன்பிறகு இவருக்குச் சோறும் இறங்கவில்லை, நித்திரையும் இல்லை. துவக்கு எப்போது வரும் என்ற ஒரே கதைதான். இந்த மனுசனை இழந்துவிடுவேனோ என்று பயந்துபோனேன்.

டவுனில் அதை விற்ற கடைக்கார அஸீம் அதைக் கழற்றிப் பார்த்தார்.

"உள்ளுக்கு ஸ்பிரிங் கொக்கியில கொளுவேல்ல அக்கா. புதுச் சாமானிலயும் இப்பிடி வாறதுதான்" என்று சரிசெய்து தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் என்னைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"நீ சுடு."

"எனக்கென்ன தெரியும்? நீங்களே சுடுங்கோ."

"எனக்கு ஏலாது. நீதான் சுடவேணும்."

எனக்குப் பின்னால் போய் முழங்காலில் இருந்தார். கண்ணை மூடிக் கைகளைப் பிடரியில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எதிரே இருந்த மணல் மேட்டுக்கு நீட்டினேன். அம்மாளாச்சி, டிக் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

வெடித்தது.

இவர் மெல்லக் கண்ணைத் திறந்தார். முகம் தெளிந்திருந்தது.

"இந்தமுறை வெடிச்சிட்டுது" என்றார். "அப்ப எனக்குப் பட்டிருக்கும். தம்பி ஓடியிருப்பான்."

துவக்கை எறிந்துவிட்டு இவருடைய தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"நீங்கள் இருக்கிறியள்! கேக்குதோ? உயிரோட இருக்கிறியள்!"

இவர் என்னைப் பார்க்கவில்லை. கடற்கரையில் யாரோ தூர ஓடிப்போவதைப் பார்ப்பதுபோலச் சிரித்துக்கொண்டிருந்தார்.